எட்டுப் படிப் பேய்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவராத்திரி. மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி என் கல்லூரி நண்பனின் வீடு. அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு மாலை, பட்டுப்புடவை கட்டி வந்திருந்த பெண்கள் அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் அலற வைத்தேன். அலற வைக்க வேண்டும் என்றுதான் அதற்கு முன் ஐந்து மாதம் ராப்பகலாக உழைத்திருந்தேன். ஆனால் அவர்கள் அலறிய இடம் நான் உழைத்த இடமே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம் முதுகில் லேசாக ஏதோ ஊர்கிறது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அப்பா தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். வாசலில் இருந்து பார்த்தால் எவர்சில்வர் அடுக்குகள் கோபுரம் கோபுரமாக நிற்கும். ஒவ்வொரு டிபன் பாக்ஸிலும் என் முகம் ஒரு மாதிரி வீங்கித் தெரியும். பி.காம். முடித்ததும் அப்பா எனக்கு நாள் குறித்துவிட்டார். வருகிற விஜயதசமி அன்று கடையில் உட்கார வேண்டும்.

“நல்ல நாளுல. அன்னைக்கு ஒக்காந்தேன்னா ஆயுசுக்கும் எந்திரிக்க மாட்ட.”

அவர் அதை ஆசீர்வாதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது தண்டனையாகக் கேட்டது.

கடை பில்லையெல்லாம் கம்ப்யூட்டரில் போடலாம் என்று யாரோ சொன்னதை நம்பி, அப்பாவே என்னைக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்த்துவிட்டிருந்தார். நான் பில் போடக் கற்றுக்கொள்ளவில்லை. பேய் விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தேன். தெரிந்ததும் அப்பா திட்டவில்லை. ஒரு குண்டானைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சரிலே. ஒன் வெளையாட்ட இந்த ஊருல எவனாவது ஒருத்தன் அவன் கடையில வச்சான்னா நீ அந்தப் பக்கமே போயிரு, நான் மறிக்க மாட்டேன். விஜயதசமிக்குள்ள எவனும் வைக்கலேன்னு வையி, பேசாம வந்து ஒக்காந்துரணும்.”

ஒப்புக்கொண்டேன். உலகமே என் பேய்க்காகக் காத்திருக்கிறது என்று நினைத்த வயது.

அந்தப் பேய் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் கொலு வைக்கிற பழக்கம் இல்லை. பத்து வயதில் யாரோ அழைத்துப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கொலுவின் முன்னால் நின்றேன். மற்ற பிள்ளைகள் சுண்டலைப் பார்த்தார்கள். நான் கண்களைப் பார்த்தேன். படிப்படியாக, வரிசை வரிசையாக, இமைக்காத கண்கள். செட்டியார் பொம்மை என்னைப் பார்த்தது. செட்டியாரம்மா என்னைப் பார்த்தாள். கல்யாண ஊர்வலத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறவர் வாசிப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சுண்டல் தொண்டையில் நின்றது பாருங்கள், அதைத்தான் பத்து வருடம் கழித்துக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தேன்.

விளையாட்டு இதுதான். ஆளில்லாத வீட்டில் ஒரு கொலு. நீங்கள் ஒரு சின்ன ஆள். ஒவ்வொரு படியாகத் தாவி ஏற வேண்டும். பொம்மைகளுக்கு உயிர் வந்துவிடும். செட்டியார் கடையில் இருந்து பருப்பை எடுத்து எறிவார். தலையாட்டி பொம்மையின் தலை கழன்று உருண்டு வரும். உச்சிப் படியில், சிவப்பு நாக்கும் கோரைப் பல்லுமாக, நான் இரண்டு மாதம் புள்ளி புள்ளியாக வரைந்த பேய். உங்களுக்கு மூன்று அகல் விளக்குகள், அதுதான் உயிர். ஒவ்வொன்றாக அணைந்தால் ஆட்டம் முடிந்தது. மொத்தம் எட்டுப் படிகள். கிளாஸில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் திரைக்கு எட்டுதான் கச்சிதமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் விளையாட்டுகளின் ரகமே மாறியிருந்தது. திரையில் துப்பாக்கி பிடித்த கை மட்டும் தெரியும், கதவைத் திறந்தால் மூஞ்சிக்கு நேரே அரக்கன் வருவான், ரத்தம் நிஜமாகவே வழியும். என்னுடையதோ பக்கவாட்டில் ஓடி, தாவி, ஏறுகிற பழைய ரகம். டிவியில் கேசட் சொருகி ஆடிய எங்கள் பள்ளிக்கூட நாட்களின் ரகம். ஆளுக்கு மூக்கு என்பது ஒரு சதுரம். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. மூக்கு சரியாகத் தெரியாத ஆளுக்கு நம் மூக்கையே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

பாண்டி பஜாரில் ஒரு மாடியில் வீடியோ கேம் பார்லர் இருந்தது. அதன் ஓனருக்கு நாற்பது வயது இருக்கும். எப்போதும் தோளில் ஒரு பூத்துண்டு. ஃப்ளாப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் போட்டார். ஆடிக்கொண்டிருந்த பையன்கள் எல்லாம் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நேராக உச்சிப் படிக்குத் தாவ நான் வைத்திருந்த கீயை அழுத்தி, பேயைக் காட்டினேன்.

“மச்சி, அதுக்கு ஒரு பல்லுக்குச்சி குடுறா. பல்லு எடுப்பா கீது.”

“எங்க பி.டி. மாஸ்டர் மாதிரியே கீறான்டா!”

சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஓனர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இன்னா நைனா இது? கேமு பழசா கீது. அது பரவால்ல, பழசுக்கும் ஆளு வர்றான். ஆனா பேய்ப் படம்னு போஸ்டர் ஒட்டிட்டு உள்ள காமெடிப் படம் ஓட்டுனா சேரைப் பேத்துட மாட்டானா? நாலு பேரு நெசமா பயந்து நான் என் கண்ணால பாக்கணும். பாத்துட்டேன்னு வையி, மறுநாளே அந்த மூலைல உன் கேமு ஓடும். நான் பேச்சு மாற மாட்டேன்.”

பயப்பட நாலு பேர். எங்கே போவது? மயிலாப்பூர் நண்பனிடம் புலம்பினேன். அவன் அப்பா பேங்க்கில் வேலை பார்த்தார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது.

“எங்காத்துக்கு வாடா. நவராத்திரின்னா தெனம் முப்பது பேர் வருவா. எல்லாரும் பொம்மையப் பாக்கத்தானே வரா? நீ காமிக்கறதும் பொம்மைதானே?”

அவன் அம்மாவிடம் எப்படிச் சம்மதம் வாங்கினான் என்பது அப்புறம்தான் புரிந்தது. போன வருடம் எதிர்வீட்டு மாமி கொலுப் படிக்குக் கீழே பார்க் கட்டி, அதில் ஓடுகிற ரயில் விட்டிருந்தாராம். தெருவே போய்ப் பார்த்ததாம். “இந்த வருஷம் நம்மாத்துல கம்ப்யூட்டர் கொலு” என்று இவன் சொன்னதும் அவன் அம்மாவின் கண்ணில் ஒரு மின்னல். என்ன விளையாட்டு, ஏது என்று கேட்கவே இல்லை.

முதல் நாள் மாலை. கூடத்தில் ஒன்பது படியில் நிஜக் கொலு. அதற்குப் பக்கத்தில் முக்காலியில் கம்ப்யூட்டர், மானிட்டருக்கு ஒரு முழம் மல்லிகை. பாய் நிறையப் பெண்கள். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது: சுண்டல் வாங்குகிறவர்கள் ஒரு பாட்டாவது பாடியாக வேண்டும். எதிர்வீட்டு மாமி ஒரு கீர்த்தனையை முழுசாகப் பாடி முடித்துவிட்டு, “எங்கேடி அந்த அதிசயம்?” என்று கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் விளையாட்டைப் போட்டேன். இருட்டு. ஒரு கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. கொலு தெரிந்தது.

மாமி கீபோர்டைத் தொடவில்லை. திரையில் விரலை வைத்து எண்ண ஆரம்பித்தார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு…”

விரல் உச்சிக்குப் போயிற்று. மறுபடி கீழே வந்து எண்ணிற்று. திரும்பி என் நண்பனின் அம்மாவைப் பார்த்தார். அந்த முகத்தில் நான் ஐந்து மாதம் கனவு கண்ட பயம், அசல் பயம், அப்படியே எழுதி ஒட்டியிருந்தது.

“ஏண்டி, எட்டா?”

“என்னது எட்டு?”

“எட்டுப் படி வெச்சிருக்கேடி!”

“ஐயய்யோ, நான் எங்கே வெச்சேன்? இந்தப் பிள்ளை வெச்சிருக்கான்!”

கூடம் முழுக்க ஒரு ‘உச்’ ஓடிற்று. பாயில் இருந்தவர்கள் எழுந்து வந்து எண்ணினார்கள். கொலுப் படி ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தி. நகரில் ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் அலமாரித் தட்டு இருக்கிற அளவுக்குப் பொம்மை அடுக்கியிருப்பார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதை நான் சொல்வதற்குள் அடுத்த குரல் வந்தது.

“கால்ல என்ன அது? ஷூவா? ஷூ போட்டுண்டா கொலுப்படி ஏறறான்?”

அந்த ஷூவை வரைய எனக்கு ஒரு நாள் பிடித்திருந்தது. நடந்தால் ‘டக் டக்’ என்று சத்தம் வேறு வைத்திருந்தேன். இருட்டு வீட்டில் ஷூச் சத்தம் பயமுறுத்தும் என்று கணக்கு. பயமுறுத்தத்தான் செய்தது.

“நல்ல நாளும் அதுவுமா…”

கடைசி நம்பிக்கையாக, ஒரு கீயை அழுத்தி உச்சிப் படிப் பேயை நேராகவே காட்டினேன். அதைக் கண்டதும் கூடம் கொஞ்சம் ஆசுவாசப்பட்டது.

“இது யாருடி? எங்காத்துக்காரர் கார்த்தால காபிக்கு முன்னாடி இருப்பாரே, அப்படியே இருக்கு!”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் யாரோ மானிட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள். நான் சமையலறை வாசலில் நின்று சுண்டலை மென்றுகொண்டிருந்தபோது நண்பனின் அம்மா வந்தார்.

“கொழந்தே, பேய் இருந்துட்டுப் போகட்டும், பாதகமில்லே. எட்டு மட்டும் ஆகாதுடாப்பா. ஏழு பண்ணு, இல்லே ஒம்போது பண்ணு. அந்தக் கடங்காரனை ஷூவைக் கழட்டச் சொல்லு.”

ஏழாக்குவது சுலபம்தான். ஒரு படியை அழித்தால் போதும். ஆனால் இருபது வயதில் எவன் குறைப்பான்? மறுநாள் காலையிலேயே நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து ஒன்பதாக்கினேன். எல்லாப் படிகளையும் ஒல்லியாக்கி, உச்சியில் இன்னொன்றைச் சொருகினேன். மெமரி போதவில்லை. கம்ப்யூட்டர் மூச்சுமுட்டி நின்றது. எதையாவது எடுத்தாக வேண்டும். பார்த்தால், பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது பேய்தான். பி.டி. மாஸ்டர் என்றும் ஆத்துக்காரர் என்றும் பெயர் வாங்கிவிட்டவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துவிட்டேன். ஷூ போயிற்று, கூடவே ‘டக் டக்’ போயிற்று. வெறுங்காலோடு நம் ஆள் நின்றான்.

ஒன்பதாம் படியில் எதுவும் வைக்கவில்லை. அந்தப் படியில் கீயை அழுத்தினால் என்ன ஆக வேண்டும் என்றும் எழுதவில்லை. அங்கே யார் போகப் போகிறார்கள்? விளையாட்டைச் செய்த நானே ஆறாம் படியைத் தாண்டியதில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பொய் சொல்லவில்லை, வெறும் சோம்பேறித்தனம்தான்.

அன்று மாலை எதிர்வீட்டு மாமி மறுபடி வந்து எண்ணினார். “ஒம்போது. இப்போ சரி” என்று சான்றிதழ் கொடுத்தார். அதன் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் ஆட ஆரம்பித்தார்கள். பாட்டுச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. பாடத் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஆட்டம் ஆடினால் சுண்டல் உண்டு.

எப்படி ஆடினார்கள் தெரியுமா? மூன்றாம் படியில் ஒரு பிள்ளையாரை வைத்திருந்தேன். தாண்டிப் போனால்தான் மேலே வழி. ஒரு மாமி தாண்ட மறுத்துவிட்டார். “பிள்ளையாரை எப்படிடா தாண்டறது? காலு படாதா?” என்று அங்கேயே நின்று, உருண்டு வருகிற தலைக்கு மூன்று விளக்கையும் அமைதியாகப் பலி கொடுத்தார். இன்னொருவர் தாண்டினார், ஆனால் தாண்டியதும் கீபோர்டில் இருந்து இரண்டு கையையும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் செட்டியார் பருப்பை எறிந்துவிட்டார். பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர் ஒவ்வொரு பொம்மையைத் தாண்டும்போதும் “ஸாரி” சொன்னார். பயம் மட்டும் மருந்துக்கும் இல்லை. ஒருவர் செத்தால் ஒன்பது பேர் சிரித்தார்கள்.

என் நண்பனின் அம்மாதான் வேறு மாதிரி. மத்தியானம் சமையலறை ஒழிந்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தார். பாட்டு சொல்லித் தருகிறவர். நான்காவது நாள் கண்டுபிடித்துவிட்டார்.

“டேய், இந்தச் செட்டியார் ஆதி தாளத்துல எறியறான்டா!”

எனக்கே தெரியாது. எட்டு வரை எண்ணி மறுபடி ஒன்றில் தொடங்குகிற மாதிரி புரோகிராம் எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமி இடது கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வலது கையால் ஆடினார். முதல் தட்டில் குனிவார், கையை வீசும் இடத்தில் தாவுவார். ஐந்தாம் படி, ஆறாம் படி, ஏழாம் படி. பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, துக்கமாகவும் இருந்தது. ஐந்து மாதம் நான் பேய் வளர்த்தது ஒரு கச்சேரியாக முடிந்துகொண்டிருந்தது. அதற்குள் ஆறாம் நாள் ஆகிவிட்டது; விஜயதசமிக்கு நான்கே நாள்.

எட்டாம் நாள் மாலை, நான் கெஞ்சிக் கூத்தாடிக் கூப்பிட்டதற்காக, பார்லர் ஓனர் வந்தார். வெள்ளைச் சட்டை, பூத்துண்டு, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். அவருக்கு ஒரு ஸ்டீல் நாற்காலி போட்டு, கையில் சுண்டலும் கொடுத்தார்கள்.

“இன்னா நைனா, ஒரே லேடீஸா கீறாங்க” என்று என் காதில் சொன்னார்.

“பாருங்க சார். இவங்கதான் தினம் ஆடறாங்க.”

பார்த்தார். பிள்ளையார் மாமி நின்ற இடத்திலேயே உயிரை விட்டார், சிரிப்பு. கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாமிக்குப் பருப்படி; பெரிய சிரிப்பு. ஓனர் சுண்டலை முடித்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார்.

“எல்லாம் சிரிச்சிக்கினு கீறாங்களே நைனா. நல்ல ஜனங்க. நான் வர்ட்டா?”

“ஒரே ஒரு ஆட்டம் சார். இந்த மாமி ஆடறத மட்டும் பாத்துட்டுப் போங்க.” என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. எவர்சில்வர் கோபுரங்கள் கண் முன்னால் நின்றன. நாளை மறுநாள் அவற்றின் நடுவில் நான் உட்கார்ந்திருப்பேன்.

நண்பனின் அம்மா உட்கார்ந்தார். தாளம் தொடையில் விழுந்தது. கூடம் பேசிக்கொண்டே பார்த்தது. ஆறு. ஏழு. பேச்சு குறைந்தது. எட்டு. எட்டாம் படியில் இரண்டு விளக்கு போய் ஒன்றுதான் மிச்சம். ஒரு தலை உருண்டு வந்தது. மாமி மூச்சை இழுத்துக்கொண்டு தாவினார்.

ஒன்பதாம் படி.

எல்லாரும் கை தட்டினார்கள். முன் வரிசையில் தட்டல் பாதியில் நின்றது. பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

ஏனென்றால் திரையில் எதுவும் நடக்கவில்லை. சத்தம் இல்லை. கீழே பொம்மைகளும் நின்றுவிட்டன. மாமி கீயை அழுத்தினார். ஆள் நகரவில்லை. மறுபடி அழுத்தினார். அவ்வளவு நேரமும் பக்கவாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்ன ஆள், திரும்பினான். நேராக எங்களைப் பார்த்து நின்றான். கையைக் கீழே விட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, இமைக்காமல்.

அது ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் புரோகிராம் நின்றால், கம்ப்யூட்டர் முதல் படத்தை எடுத்துக் காட்டும். முதல் படம் ஆள் நேராக நிற்கிற படம். புரிந்தும் என் கை மயிர் குத்திட்டு நின்றது.

“நகர மாட்டேங்கறான்டா” என்றார் மாமி, மெதுவாக.

எதிர்வீட்டு மாமியின் குரல் பின்னால் இருந்து வந்தது. “நம்மளைப் பாக்கறான்டி.”

மாமி கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டார்.

“பொம்மையாயிட்டான்.”

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு, யாரும் சொல்லாமல், அந்தக் கூடத்தில் இருந்த எல்லாத் தலைகளும் கம்ப்யூட்டரில் இருந்து பக்கத்தில் இருந்த நிஜக் கொலுவுக்குத் திரும்பின. ஒன்பது படிகள். செட்டியார், செட்டியாரம்மா, நாதஸ்வரக்காரர். இவர்களில் எத்தனை பேர் முன்பு ஏறி வந்தவர்கள்? சத்தியமாக, அந்த ஒரு நொடியில் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. மின்விசிறிக் காற்றோ, யாருடைய முந்தானையோ, நான் அறியேன். ஐந்தாம் படியில் இருந்த தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, ‘ஆமாம்’ என்பதுபோல் இரண்டு தடவை தலையை அசைத்தது.

முதலில் அலறியது நான். அடித்துச் சொல்கிறேன், நான்தான். எனக்குப் பின்னால் கூடமே அலறியது. தட்டுகள் பறந்தன, கொண்டைக்கடலை மாரி பொழிந்தது, குங்குமச் சிமிழ் உருண்டது. பேராசிரியை, ‘ஸாரி’ சொல்லாமல், இரண்டு பேரைத் தாண்டி வாசலுக்குப் போனார். எதிர்வீட்டு மாமி என் நண்பனின் அம்மாவை, ரயில் பகையெல்லாம் மறந்து, கட்டிப் பிடித்துக்கொண்டார். சில நிமிஷங்களில் அலறல் சிரிப்பாக மாறிற்று, ஆனால் அது பழைய சிரிப்பு இல்லை. சிரித்துக்கொண்டே ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் கொலுவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயித்துவிட்டேன்! ஓனரைத் தேடினேன். நாற்காலி காலி. வாசலுக்கு ஓடினேன். அவருடைய பெரிய தோல் செருப்பு அங்கேயே இருந்தது. யாரோ ஒரு மாமியின் மெரூன் கலர் செருப்பைக் காணவில்லை.

மறுநாள் சரஸ்வதி பூஜை. பார்லருக்குப் போவதற்கு முன் நண்பன் வீட்டில் எட்டிப் பார்த்தேன். வீணைக்கும் புத்தகங்களுக்கும் பக்கத்தில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டின் மேல் பூ போட்டிருந்தார்கள். “இன்னிக்கு ஒருத்தரும் தொடப்படாது” என்று மாமி சொன்னார். அதில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் தோல் செருப்பைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பாண்டி பஜாருக்குப் போனேன். கிட்டத்தட்டப் பறந்தேன். பார்லர் மெஷின்களுக்கும் அங்கே பொட்டு வைத்திருந்தார்கள். ஓனர் மேஜைக்கு அடியில் இருந்து மெரூன் செருப்பை எடுத்து, கூச்சத்தோடு நீட்டினார்.

“இத குடுத்துரு நைனா. இருட்டுல தெரியல.”

“அப்ப இருட்டே இல்லையே சார். லைட்டு எரிஞ்சுதே?”

“கண்ணு தெரியல, விடு.”

“சார், நாலு பேர் பயந்தா போடறேன்னீங்க. நாப்பது பேர் பயந்தாங்க.”

“பாத்தேன். நானும் ஒர்த்தன். அதான் வேணாங்கறேன்.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “கேளு நைனா. என் கடைல பையன் வர்றான், சுட்றான், அரக்கன் வர்றான், ‘ஆ’ன்னு கத்துறான், வூட்டுக்குப் போய் சோறு துன்னுட்டுத் தூங்குறான். மறுநாள் வர்றான். அது பயம். உன்து கூடவே வூட்டுக்கு வருது. நேத்து போனா, எம் பொண்ணு பொம்மையெல்லாம் ஷோகேஸ்ல வெச்சிக்கினு கீது. ஒண்ணொண்ணா எடுத்து செவுத்தப் பாக்க திருப்பி வெச்சேன். வூட்ல சிரிக்கிறாங்க. இத இங்க போட்டேன்னு வையி, ஒரு தபா வந்தவன் மறு தபா மாடி ஏற மாட்டான். எனக்கே மூலைக்குப் போவ முடியாது.”

“அப்ப நல்லா இல்லையா சார்?”

“யாரு சொன்னா நல்லா இல்லன்னு?” என்றார்.

சொன்ன சொல் மாற மாட்டேன் என்றவர் மாறிவிட்டார். எனக்கு ஏனோ கோபம் வரவில்லை. மெரூன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு படி இறங்கியபோது, தோற்றவன் மாதிரியும் இல்லை, ஜெயித்தவன் மாதிரியும் இல்லை. அதற்கு ஒரு வார்த்தை உண்டா என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

விஜயதசமி அன்று காலை ஏழரைக்கு, புது வேட்டியில், பாத்திரக்கடையில் உட்கார்ந்தேன். அப்பா கற்பூரம் காட்டிவிட்டுக் கேட்டார்: “என்னல, ஒன் பேயி வெலபோவலியா?”

“ரொம்ப பயமா இருக்குன்னு சொல்லிட்டாங்கப்பா.”

அப்பா யோசித்தார். “அதுக்குத்தானல செஞ்ச?”

“ஆமா.”

“பெறவு?”

நான் ஒரு குண்டானை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அப்பா இருமுகிற மாதிரி சிரித்தார். “சரி, போட்டும். இங்க வாறவளயும் பயமுறுத்திராத. குக்கர் கேப்பா, குக்கர மட்டும் காட்டு.”

அவர் வாக்கு பலித்தது. நான் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். பில்லைக் கம்ப்யூட்டரில்தான் போடுகிறோம்.

அடுத்த வருடம் நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பு கடைக்கு போன் வந்தது. நண்பனின் அம்மா. “ஏண்டா, அந்த ஃப்ளாப்பி இருக்கா? தெருவுல எல்லாரும் கேக்கறா. எதிராத்து மாமி மூணு தடவை கேட்டாச்சு. நாத்தனாரை அழைச்சுண்டு வராளாம், அவ அலறணுமாம்.”

“இருக்கு மாமி. ஒன்பதாம் படி அரைகுறையா நிக்குது. இந்தத் தடவை அங்க ஒரு நல்ல பேயா வரைஞ்சு—”

“அதைத் தொட்டியோ, சுண்டல் கிடையாது! அப்படியே கொண்டு வா.”

அதற்குப் பிறகு நான்கு நவராத்திரிக்கு அந்த விளையாட்டு அந்தக் கூடத்தில் ஓடியது. அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகும் வரை. ஒவ்வொரு வருடமும் யாராவது புதிதாக ஒருவரை அழைத்து வருவார்கள்; ஆறாம் படி வரை எல்லாரும் சிரிப்பார்கள்; அப்புறம் மெல்லப் பாயில் நகர்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கூட்டம் இல்லாத மத்தியானங்களில், பழைய பில் புத்தகங்களின் பின்பக்கத்தில் எதையாவது எழுதுகிறேன். கவிதையும் இல்லாமல் கதையும் இல்லாமல் நடுவில் ஓடுகிற ஏதோ ஒன்று. சில சமயம் சிலர் படிக்கிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழைத்த வரிகளைப் பார்த்து மரியாதையாகச் சிரிக்கிறார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் நான் கையை எடுத்துவிட்ட ஓர் இடத்துக்கு வரும்போதுதான், படிப்பதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்திச் சுற்றும்முற்றும் பார்க்கிறார்கள்.